அத்தை கேட்ட பூ

என் மாமனார் வீட்டில் 'போறேன்' என்று சொல்லக் கூடாது. கடைக்குப் போனாலும் சரி, கொல்லைக்குப் போனாலும் சரி, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் இந்த வீட்டில் அது கொஞ்சம் கெடுபிடி. வந்த புதிதில் ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே "நான் முடி வெட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி ஓடிவந்து, "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று வாசலிலேயே நிறுத்தி, சொல்லவைத்த பிறகுதான் விட்டாள். அதற்குள் மாமனார் பைக்கைக் கிளப்பிவிட்டார். மாப்பிள்ளை முடி வெட்ட நடந்து போவதா என்று அவருக்குப் பதைப்பு. சலூனில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "பின்னாடி கொஞ்சம் கம்மி பண்ணுப்பா" என்று என் தலைக்கு அவரே வழி சொன்னார்.

நான் குன்னூர்க்காரன். அங்கே ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார். என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், பூதலூரை அடுத்த ஒரு கிராமம். கல்யாணத்துக்குப் பிறகு குன்னூருக்கு வந்து, ஒரு ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுப் பழகி, கடைசியில் ஸ்வெட்டரே இல்லாமல் விடிகாலையில் தண்ணீர் பிடிக்கும் அளவுக்கு மலைக்காரி ஆகியிருந்தாள். அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவள் அம்மாவுக்கு, என் அத்தைக்கு, வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று சேதி வந்தபோது கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினோம்.

கிளம்பும்போது ஒரு செடியையும் தூக்கிக்கொண்டேன். எங்கள் வீட்டு வாசலில் மண் தொட்டியில் இருந்த ஹைட்ராஞ்சியா. குன்னூரில் அது வேலியோரத்துச் சமாச்சாரம், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். எனக்கு அது பாடம். ஒவ்வொரு வருஷமும் அமிலம், காரம் நடத்தும்போது அந்தத் தொட்டியை வகுப்புக்கு எடுத்துப் போவேன். லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். இந்தப் பூ அதற்கு நேர் எதிர். மண் புளிப்பாக இருந்தால் நீலம், சுண்ணாம்புச் சத்து மிஞ்சினால் ரோஸ். பிள்ளைகள் தவறாமல் மாற்றி எழுதுவார்கள். நானும் தவறாமல் சொல்லிக்கொடுப்பேன்: நீலத்துக்குக் காரணம் மண்ணில் இருக்கிற அலுமினியம். புளித்த மண்ணில் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். புளிப்பு இல்லையென்றால் அது மண்ணுக்குள்ளேயே பூட்டிக்கொண்டு கிடக்கும். செடிக்கு வேண்டியது காலடியிலேயே இருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த நாளில் வந்தது, இப்போது வருவதில்லை.

பஸ்ஸில் தொட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். மேட்டுப்பாளையம் தாண்டி அனல் அடித்தபோது என் குடிதண்ணீரை அதற்கு ஊற்றினேன். நல்ல நீலத்தில் பூத்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் கிடந்த அத்தை எங்களைப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு சிரமப்பட்டு வாயைக் குவித்து ஒரு சத்தம் எழுப்பினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் மனைவி அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, "பூ கேக்குறாங்கப்பா. பூவுன்னு சொல்றாங்க" என்றாள்.

மாமனார் அப்படியே மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுதுவிட்டார். விழுந்த நாளிலிருந்து அத்தை வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. அன்றைக்கே தொட்டி அத்தையின் ஜன்னலுக்கு வெளியே, அவர் கண்ணில் படும்படி போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் அத்தை அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார். காலையில் முகம் துடைத்துவிடும்போது சொல்வார், கஞ்சி ஊட்டும்போது சொல்வார். யாராவது உடனே ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் விரியத் திறந்துவிடுவார்கள். தெருவே 'ஊட்டிப் பூ' பார்க்க வந்தது. ஊட்டி இல்லை, குன்னூர் என்று திருத்திப் பார்த்து நான்தான் ஓய்ந்துபோனேன்.

பள்ளி திறந்தது. அத்தையை விட்டுவிட்டு வர மனைவிக்கு மனம் வரவில்லை. மாமனாரால் அத்தையைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைக்கக்கூட முடியாது. ஒரு வருஷம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் நல்லவர், உடனே ஒப்புக்கொண்டார். கெட்டவராக இருந்திருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையாக விருந்துக்கு வருவது வேறு, மாப்பிள்ளையாகவே குடியிருப்பது வேறு. 'வீட்டோட மாப்பிள்ளை' என்று யாரும் என் காதுபடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவர்கள் மரியாதை கொடுத்தே என்னைக் கட்டிப்போட்டார்கள். சாப்பிட்ட தட்டை எடுத்தால் கையிலிருந்து பிடுங்குவார்கள். வரப்பில் கால் வைத்தால் "சேறு, மாப்பிள்ளை, சேறு" என்று கத்துவார்கள். ஃபேனுக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, அது என்னுடையது. நான் இல்லாவிட்டாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். பக்கத்து ஊர் டியூஷன் சென்டரில் மாலை வகுப்பு எடுக்கலாமா என்று விசாரித்தேன். சேதி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. மாமனார் முகம் வாடிப்போய், "நம்ம வீட்டுல என்ன குறைச்சல் மாப்பிள்ளை?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து என் தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது. டியூஷன் பேச்சு அதோடு சரி.

இந்த ஊரின் வெட்டவெளி வேறு. மலையில் பார்வை எப்போதும் எதிலாவது முட்டும், ஒரு வளைவு திரும்பினால் ஆள் மறைந்துவிடலாம். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் போலிருக்கும், எந்தப் பக்கம் போனாலும் எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் கரையில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "மாப்பிள்ளை மதகுகிட்ட நிக்கிறாரு" என்று வீட்டுக்குப் போன் போய்விடும். மாமனார் பைக்கில் வந்து, "வெயில்ல நிக்கிறீங்களே, ஏறுங்க" என்பார். ஏறிக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

யாரும் என்னிடமிருந்து பிடுங்காத ஒரே வேலை அந்தச் செடி. காலையும் மாலையும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அதற்கும் முடிவு வந்தது. அத்தைக்கு மாத்திரை வாங்கத் தஞ்சாவூர் போய்விட்டுத் திரும்பினால், ஜன்னலடியில் தொட்டி உடைந்து ஓடுகளாகக் கிடக்கிறது, செடி தரையில் நிற்கிறது. மாமனார் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தொட்டிக்குள்ள மூச்சு முட்டிக் கெடந்துச்சு மாப்பிள்ளை. வேரு சுத்திச் சுத்தி முடிச்சு போட்டிருந்துச்சு. தரையில வச்சுட்டேன், இனி நல்லா ஓடும்" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். நான் ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். தொட்டியில் இருந்தவரை அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். தரையில் இறங்கிய செடியை எங்கே தூக்குவது?

அடுத்த கோடையில் அது பூத்தது. இந்த வெக்கைக்கு மொட்டே வைக்காது என்று நினைத்திருந்தேன். ஜன்னலோரம் நாளெல்லாம் நிழல், மார்கழிக் குளிரும் கொஞ்சம் உதவியிருக்கும். கஞ்சத்தனமாக, எலுமிச்சம்பழ அளவில் கொத்துகள் வந்தன. எல்லாம் ரோஸ். களிமண்ணும் போர் தண்ணியும் செய்த வேலை. இந்தத் தண்ணீர் வாளியிலேயே வெள்ளை வெள்ளையாகப் படியும், பூவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பதில் எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்கும் அளவுக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்ததும் அழுகை வந்தது. மாமனாருக்கோ தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? அங்கேருந்து வரும்போது வெளிறிப்போய் வந்துச்சு. நம்ம மண்ணுல கால் வச்சதும் எப்படிக் கலர் வந்துடுச்சு பாருங்க!"

வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். சொல்லிவிட்டு என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "மாப்பிள்ளையும் இப்ப நம்மூர் தண்ணிக்கு ஒரு சுத்து பெருத்துட்டாரு" என்றார்கள். முட்டை அப்படி.

அன்று மனைவியிடம் கத்திவிட்டேன். குரலை அடக்கிக்கொண்டுதான், ஏனென்றால் அந்த வீட்டில் சத்தமாகக் கத்த ஒரு அறை கிடையாது. "இன்னும் எத்தனை நாள்? எனக்கு மூச்சு முட்டுது. நீ என் பக்கம் ஒரு வார்த்தை பேச மாட்டியா?" என்றேன். அவள் அத்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். கேட்டேன். தலைமையாசிரியர் கொடுத்தார். "ஆனா இதுதான் கடைசி சார். அடுத்த ஜூன்ல வரலேன்னா நான் வேற ஆளைப் போட்டாகணும்" என்றார்.

ஆடி மாதத்தில் நான் படிகாரம் வாங்கினேன். மண்ணைப் புளிக்கவைக்க, அலுமினியத்தையும் கொடுக்க, என் கைக்கு எட்டியது அதுதான். தஞ்சாவூரில் நாட்டு மருந்துக் கடைக்காரர், "சவரத்துக்கா, தண்ணி தெளியவைக்கவா, இல்ல திருஷ்டிக்கா?" என்று கேட்டார். பூவுக்கு என்றால் அதற்கொரு கதை சொல்ல வேண்டுமே என்று, "திருஷ்டிக்குத்தான்" என்றேன். நல்ல பெரிய கட்டிகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். அதை ஏன் கரைத்து ஊற்றாமல் புதைத்தேன் என்றால், கரைக்க உட்கார்ந்தால் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் செடியைச் சுற்றி ஒவ்வொன்றாகப் புதைத்தேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ரகசியம் இருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஐப்பசி மழை ரகசியத்தைக் கழுவி வெளியே போட்டது. மாமனார் களை பிடுங்கப் போனவர் பேயறைந்த மாதிரி உள்ளே வந்தார். கையில் பாதி கரைந்த வெள்ளைக் கட்டிகள். "யாரோ மந்திரிச்சுப் புதைச்சிருக்காங்க. இவ ஜன்னலுக்கு நேரா, சுத்திவர வச்சிருக்காங்க" என்றார். இந்த வீட்டில் திருஷ்டிக் கயிறு கட்டியது கிடையாது, வாசலில் படிகாரம் தொங்கவிட்டது கிடையாது. நிலைக்கு மேலே சிலுவை இருக்கிறது, அது போதும் என்று இருப்பவர்கள். பங்குச் சாமியாரை அழைத்துவந்து வீட்டைச் சுற்றித் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இதற்கு மேல் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

"மாமா, நான்தான் வச்சேன்."

அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றார். என்னைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். "எங்க கண்ணு பட்டுடும்னு பயந்தீங்களா மாப்பிள்ளை?" என்றார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமா. பூ நீலமா வரணும்னுதான். படிகாரம் போட்டா மண்ணு புளிக்கும், நீலம் வரும். இங்க வந்து ரோஸா ஆயிடுச்சே." இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "இந்த மண்ணு அதுக்கு ஒத்துக்கலை மாமா. இங்கேயே இருந்தா அது அதுவா இருக்காது."

என் மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். நான் பூவைப் பற்றிப் பேசவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மாமனார் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "மண்ணு ஒத்துக்கலையா?" குறுவை, சம்பா என்று வருஷம் முழுக்க இந்த மண்ணில் நிற்கிற மனிதரிடம் சொல்கிற பேச்சா அது? அவர் கட்டிகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சரி, ஒருவழியாகச் சொல்லியாயிற்று, இனி அவரே 'நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை' என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை வேறு.

மறுநாள் அவர் பைக்கில் ஒரு மூட்டைப் படிகாரம் கொண்டுவந்து இறக்கினார்.

"மண்ணு ஒத்துக்கலைன்னா என்ன மாப்பிள்ளை, ஒத்துக்க வச்சிடுவோம்" என்றார். "உவர் நிலத்தையே நாங்க வழிக்குக் கொண்டாந்திருக்கோம். இது ஒரு செடி. எவ்வளவு போடணும்னு நீங்க சொல்லுங்க, மீதிய எங்கிட்ட விட்டுடுங்க."

அதோடு அந்த வேலையும் என் கையை விட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் அவர் ஒரு பழைய அலுமினியக் குண்டானில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றுவார். போர் தண்ணி ஆகாது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டதால், ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து அந்தச் செடிக்கு மட்டும் தனியாக வைத்தார். வேரைச் சுற்றி இருந்த களியைத் தோண்டி எடுத்துவிட்டு, மக்கிய இலையைப் போட்டார். "சாதிச்சுப்புடுவோம் மாப்பிள்ளை" என்பார். என் மேல் அவருக்கு இருந்த பிரியத்தை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும், எரிச்சல் வந்ததற்காக வெட்கமாகவும் வரும். இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

மார்கழியில் ஒருநாள் காலை மனைவி அத்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். செடியில் அப்போது ஒரு பூ இல்லை, இலையே பாதிதான் இருந்தது. பனி என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அத்தை எங்கள் பக்கம் பார்த்து வாயைக் குவித்தார். வழக்கமான சத்தம். ஆனால் பூவே இல்லாத நேரத்தில், ஜன்னலும் சாத்தியிருக்கையில், அது எனக்கு வேறு மாதிரி கேட்டது. பூ இல்லை. போ.

வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அத்தை மறுபடி சொன்னார். போ. சந்தேகமே இல்லை. 'போங்க' என்று சொல்ல நினைத்திருப்பார், இழுத்துப்போன உதட்டுக்கு 'ங்க' வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் எல்லோரும் என்னை இழுத்துப் பிடிக்கும்போது, அசைய முடியாமல் கிடக்கிற ஒருத்தருக்கு என் நிலைமை புரிந்திருக்கிறது! அன்று முழுக்க எனக்கு நெஞ்சில் பாரமே இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஜூனில் தனியாகவாவது குன்னூருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். 'மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு' என்று ஊர் பேசும். பேசட்டும். அத்தையே சொல்லிவிட்டார்.

கோடையில் செடி பூத்தது. முதலில் ஒரு கொத்து ஊதாவாக வந்து போக்குக் காட்டியது. அப்புறம் வந்ததெல்லாம் நீலம். குன்னூரில்கூட அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. மாமனார் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். "மாப்பிள்ளைக்கு ஊரு ஞாபகம் வருதுன்னு சொன்னாரு. ஊரையே இங்க கொண்டாந்துட்டோம்ல?" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் திரும்பி, "இப்ப குறையில்லையே மாப்பிள்ளை?" என்றார். வியர்த்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "இல்ல மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மண்தான் குறை என்று சொன்னவன் நான், மண்ணை மாற்றிக் காட்டியவர் அவர். என் கையில் இருந்த ஒரே சாக்கையும் அவர் அன்பாக வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை மாமனார் ஒரு நீலக் கொத்தைப் பறித்துக்கொண்டுபோய் அத்தையின் இடது கையில் வைத்தார். "இந்தா, நீ கேட்டுக்கிட்டே இருந்த பூவு" என்றார். அத்தை அதைப் பார்க்கக்கூட இல்லை. கையைச் சாய்த்தார், பூ தரையில் விழுந்தது. எங்கள் பக்கம் பார்த்துச் சத்தமாக, வாயைக் குவித்துச் சொன்னார். மாமனார் பூவை எடுத்து மறுபடி வைத்தார். அத்தை மறுபடி தள்ளிவிட்டார். மறுபடி அதே சொல். அத்தையின் கண்ணில் கோபம் தெரிந்தது.

"பூ கேக்குறாங்க. தலையில வச்சுவிடணுமாம்" என்றாள் என் மனைவி. கொத்திலிருந்து கொஞ்சம் கிள்ளி அத்தையின் நரைத்த முடியில் செருகிவிட்டு, வேகமாகக் கொல்லைப் பக்கம் போனாள்.

பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"அது பூ இல்ல" என்றேன். "உனக்கும் தெரியும். அத்தை போன்னு சொல்றாங்க. எனக்கு மார்கழியிலயே கேட்டுடுச்சு. நான் ஜூன்ல போகப்போறேன்."

'போயிட்டு வரேன்னு சொல்லுங்க' என்று அவள் திருத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களைச் சொல்றாங்கன்னு நெனச்சீங்களா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்களைன்னா 'போங்க'ன்னு சொல்லியிருப்பாங்க. எங்கம்மா உங்களை என்னிக்காவது ஒருமையில பேசியிருக்காங்களா? 'ங்க' வரலேன்னா பேசாம இருந்திருப்பாங்களே தவிர, மாப்பிள்ளையைப் பாத்து 'போ'ன்னு சொல்லவே மாட்டாங்க." குழாயை மூடினாள். "என்னைச் சொல்றாங்க. நாம வந்து எறங்கின அன்னிக்கே சொன்னாங்க. என் காதுல சொன்னாங்க. போ, உன் வீட்டுக்குப் போ, உன் வேலையப் பாருன்னு அர்த்தம். எங்கப்பாவுக்கு அது கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? வாயத் தொறந்து மொத வார்த்தையா பொண்ணைப் போன்னு சொல்றாளேன்னு ஒடிஞ்சுபோயிருப்பாரு. நீங்க கையில பூவோட நின்னீங்க. அதான் பூன்னு சொன்னேன்."

"அப்ப இத்தனை நாளா..."

"தெனமும் சொல்றாங்க. நான் தெனமும் பூன்னு சொல்றேன். அவங்களுக்கு அது தெரியும், அதனாலதான் அவ்வளவு கோவம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கும் அங்க வேலை இருந்துச்சுங்க. அதை யாராவது கேட்டீங்களா? நான் போனா அம்மாவைப் பொரட்டிப் போட யாரு இருக்கா? நீங்க போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அப்பாகிட்டயும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குறேன். எனக்கு அதுதான் பழக்கம் ஆயிடுச்சே."

எனக்குக் கிடைத்தது என்று நான் மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்த சொல் எனக்குச் சொன்னதே இல்லை. ஆத்திரம் வந்தது, அவள் மேல் இல்லை, யார் மேல் என்றும் தெரியவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து முட்டை வைத்தவர்களை நினைத்து மூச்சு முட்டுகிறது என்று நான் முனகிக்கொண்டிருந்த வருஷங்களில், அவள் அந்தக் கட்டிலோரம் நின்று, பெற்ற தாய் திறந்துவிடும் கதவைத் தினமும் தன் கையாலேயே சாத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு எந்த மூஞ்சியோடு பஸ் ஏறுவது?

மே கடைசியில் தலைமையாசிரியர் போனில் கூப்பிட்டார். மதகுப் பக்கம் நின்றுதான் பேசினேன். "வேற ஆளைப் போட்டுக்குங்க சார்" என்றேன். அவர் வருத்தப்பட்டார், அத்தையின் உடம்பைப் பற்றி விசாரித்தார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை, வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. நான் நினைத்தது போலவே பைக் சத்தம் கேட்டது. "வெயில்ல நிக்கிறீங்களே மாப்பிள்ளை" என்றார் மாமனார். ஏறிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் குண்டானில் படிகாரம் கரைக்கும்போது, "குடுங்க மாமா, இன்னிக்கு நான் ஊத்துறேன்" என்றேன். எப்போதும் பிடுங்குகிறவர் அன்று ஏனோ கொடுத்துவிட்டார். ஜன்னலடியில் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி அத்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தை கஞ்சியை விழுங்கிவிட்டு, மகளைப் பார்த்து, வழக்கம்போல அந்தச் சொல்லைச் சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். ஸ்பூனைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. மாமனார் என் பக்கத்தில் நின்று, "என்ன கேக்குறா?" என்றார்.

மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து உள்ளே பார்த்தேன்.

"பூதான் மாமா" என்றேன். "பூ கேக்குறாங்க."